ப்ராஜெக்ட் முடிஞ்சப்புறம் அத யாரு பாக்குறது?

இன்ஜினியரிங் காலேஜ்ல வேலை பாக்குறவங்களுக்குத் தெரியும், நாக் (காலேஜுங்களுக்கு கிரேடு போடுற அமைப்பு) ஃபைல் போட்டப்பல்லாம் இன்னோவேஷன் எல்லாம் மூணாவது கிரைட்டீரியன்ல போச்சு, சோலார், மழைநீர், குப்பை மேனேஜ்மென்ட் எல்லாம் ஏழாவதுல போச்சு. ஆளுங்களும் அதே மாதிரி ரெண்டா பிரிஞ்சுதான் கிடக்காங்க, இன்னோவேஷன் கவுன்சில் ஒரு பக்கம், கிரீன் கேம்பஸ் கமிட்டி இன்னொரு பக்கம்.

2018-ல இந்த கவுன்சில் வந்தது நல்ல விஷயம்தான். ஆனா குவார்ட்டருக்கு இத்தனை ப்ரோக்ராம், போட்டோ, ரிப்போர்ட், போர்ட்டல்ல அப்லோடுன்னு ஓடுறதுல, செஞ்ச பொருள் அடுத்த வருஷமும் ஓடுதான்னு பாக்க யாருக்கும் நேரம் இருக்கிறதில்ல.

முன்னாடி நான் இருந்த காலேஜ்ல ஃபைனல் இயர் பசங்க, ஹாஸ்டல் டேங்க் நிரம்புனா மோட்டார் தானா ஆஃப் ஆகுற மாதிரி ஒண்ணு செஞ்சாங்க, தண்ணி மட்டத்த ஒலி அலையால அளக்குற அல்ட்ராசோனிக் சென்சார், வைஃபை உள்ள இஎஸ்பி32-ங்கிற சின்ன கன்ட்ரோல் போர்டு, போன்ல ஆப். தண்ணி வழியுறது நின்னுச்சு, பரிசும் வாங்குனாங்க. அவங்க பாஸாகிப் போனதும் சென்சார்ல ஈரம் கோத்து தப்புத்தப்பா ரீடிங் காட்டுச்சு, வைஃபை பாஸ்வேர்ட வேற மாத்திட்டாங்க, போர்டுல திருப்பி ஏத்த புரோகிராம் யார்கிட்டயும் இல்ல, எலக்ட்ரீசியன் பழைய சுவிட்சையே மாட்டிட்டாரு. அவர் மேல தப்பே சொல்ல முடியாது, அவர்கிட்ட யாரும் ஒரு வார்த்தை கேக்கவே இல்லையே.

இப்ப இருக்கிற இடத்துல ஆர்ஓ ரிஜெக்ட் தண்ணிய, அதாவது குடிதண்ணி சுத்தம் பண்ற மெஷின் கழிச்சு விடுற உப்புத் தண்ணிய, டாய்லெட் ஃப்ளஷுக்குத் திருப்புனோம், அது இன்னும் ஓடுது. பெரிய டெக்னாலஜி ஒண்ணும் இல்ல, தனி பைப்பு, தனி டேங்க், ஒரு சின்ன பம்ப். பசங்க முதல்ல தோட்டத்துக்கு விடலாம்னுதான் சொன்னாங்க, பிளம்பர் அண்ணன்தான் "வேணாம் தம்பி, உப்பு ஏறி ஏறி மண்ணு கெட்டுரும், ஃப்ளஷுக்கு விடுங்க"ன்னாரு, தண்ணில கரைஞ்சிருக்கிற உப்ப அளக்குற டிடிஎஸ் மீட்டர் வெச்சுப் பாத்தா அவர் சொன்னதுதான் சரி. அவர ஆரம்பத்துலயே டீம்ல சேத்ததாலதான் இது நிலைச்சு நின்னுச்சு. பம்ப் ரிப்பேர் செலவ எஸ்டேட் ஆபீஸ் மெயின்டெனன்ஸ் பட்ஜெட்லயே எழுதிக்கிட்டாங்க, செகண்ட் இயர் பசங்களும் கூடவே நின்னு கத்துக்கிட்டாங்க. இன்னோவேஷன் மேனேஜ்மென்ட்னா என்னைப் பொறுத்தவரைக்கும் இந்த வேலைதான், ஹேக்கத்தான் நடத்துறது அதுல ஒரு சின்ன பகுதி.

ரிவ்யூல இப்ப நான் கேக்குற முதல் கேள்வியே "நீ போனப்புறம் இத யாரு பாப்பாங்க, பேரு சொல்லு"ங்கிறதுதான். அடுத்து மெஸ் கழிவுல கேஸ் எடுக்குற திட்டம் ஒண்ணு வந்திருக்கு, மெஸ் மாஸ்டர உக்கார வெச்சுத்தான் பேச்சையே ஆரம்பிக்கணும்னு சொல்லிருக்கேன், ஏன்னா எலும்பு, முட்டை ஓடு, பிளாஸ்டிக் கவரெல்லாம் பிரிக்காம போட்டா டைஜஸ்டர் (கழிவ மக்க வெச்சு கேஸ் எடுக்குற தொட்டி) அடைச்சுக்கும், தினமும் அதப் பிரிக்கப்போறது அவரோட ஆளுங்கதான்.