மண்டையில் விழுந்த சொட்டு

எங்கள் குளியலறைக் குழாய் ஆறு மாதமாகச் சொட்டிக்கொண்டிருக்கிறது. "இந்த ஞாயிறு பார்த்துடறேன்" என்று நான் சொன்ன ஞாயிறுகளில் ஒன்றில்தான் சுண்ணாம்புக் குகை பார்க்கக் கிளம்பினோம். குழாயிடமிருந்து தப்பிக்கத்தான் இந்தத் திட்டம் என்று மனைவிக்குத் தெரியாது என நம்பிக்கொண்டிருந்தேன்.

வழியெல்லாம் மகளுக்கு என் பாடம்தான். "பெரிய பூகம்பம் வரும், மலை டமால்னு பிளக்கும், அந்தப் பிளவுதான் குகை." அவளும் நோட்டில் எழுதிக்கொண்டாள். குகை என்றால் குளிரும் என்று எனக்கு நானே முடிவு செய்து, கெட்டியான ஸ்வெட்டர் ஒன்றையும் மாட்டிக்கொண்டேன்.

உள்ளே நுழைந்து பத்து நிமிடத்தில் எனக்கு வியர்த்து வழிந்தது. கல்லூரி மாணவி போல இருந்த வழிகாட்டிப் பெண் ஸ்வெட்டரைப் பரிதாபமாகப் பார்த்தார். "குகைக்கு உள்ளே ஆழமாகப் போகப் போக, வெளியே வருஷம் முழுக்க அடிக்கிற வெயிலும் குளிரும் சேர்ந்த சராசரி வெப்பம்தான் சார் இருக்கும். வெப்பமான ஊர்க் குகை வெதுவெதுன்னுதான் இருக்கும்." கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டேன்.

அப்புறம் குகை எப்படி உருவாகிறது என்று ஆரம்பித்தார். மகள் நோட்டைத் திறந்தாள். நான் மெதுவாகக் கூட்டத்தின் பின்பக்கம் நகர்ந்தேன்.

பூகம்பமும் இல்லை, டமாலும் இல்லை. எல்லாம் மழைத்தண்ணீர் செய்கிற வேலை. மழை காற்றிலிருந்து கொஞ்சம் கார்பன் டை ஆக்சைடை வாங்கிக்கொண்டு இறங்குகிறது. மண்ணுக்குள் வேர்களும் நுண்ணுயிர்களும் மூச்சுவிடுவதால் அங்கே அந்த வாயு இன்னும் பல மடங்கு இருக்கும். அதையும் குடித்துவிட்டால் தண்ணீர் லேசான அமிலமாகிவிடுகிறது. சோடாவில் இருக்கிற அதே கார்பானிக் அமிலம்தான். சுண்ணாம்புப் பாறையோ பெரும்பாலும் பழங்காலக் கடல் உயிர்களின் ஓடும் கூடும் படிந்து இறுகியது. அமிலத்துக்கு முன்னால் அதன் ஜம்பம் செல்லாது. விரிசல்களில் புகுந்த தண்ணீர் கரைத்துக் கரைத்து, முடி நுழையாத இடுக்கை ஆள் நடக்கும் கூடமாக்குகிறது. பல ஆயிரம், சில இடங்களில் பல லட்சம் வருஷ வேலை. பெரும்பாலான குகைகள் நிலத்தடி நீரில் மூழ்கிக் கிடக்கும்போதே குடையப்படுகின்றனவாம். பிறகு நீர்மட்டம் இறங்கி, உள்ளே காற்று வந்தபின்தான் அலங்கார வேலை தொடங்குகிறது.

அந்த அலங்காரம்தான் தலைக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்தது. மேலிருந்து தொங்குவது கல்விழுது, கீழிருந்து எழும்புவது கல்முளை. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே மாதிரிப் பெயர். எது மேலே எது கீழே என்று பள்ளிக்கூடத்தில் நான் தலைகீழாக எழுதி மார்க் இழந்திருக்கிறேன். தமிழில் அந்தத் தொல்லையே இல்லை. விழுது தொங்கும், முளை முளைக்கும்.

"தண்ணி காய்ஞ்சு உப்பு நிக்கிற மாதிரி, அப்படித்தானே?" என்று கேட்டு, போன மானத்தை மீட்கப் பார்த்தேன். அதுவும் இல்லையாம். குகைக்காற்று ஏற்கெனவே ஈரத்தால் நிறைந்திருப்பதால் அங்கே தண்ணீர் அவ்வளவாகக் காய்வதில்லை. சோடா பாட்டிலைத் திறந்தால் வாயு புஸ்ஸென்று வெளியேறுகிறதே, அதுபோலக் கூரையில் எட்டிப்பார்க்கும் சொட்டிலிருந்து கார்பன் டை ஆக்சைடு கழன்றுகொள்கிறது. அது போனதும் கரைந்திருந்த சுண்ணாம்பைத் தண்ணீரால் சுமக்க முடியாமல், சொட்டின் விளிம்பில் மெல்லிய வளையமாக விட்டுவிட்டு விழுகிறது. வளையத்தின் மேல் வளையமாகச் சேர்ந்து, முதலில் சொட்டளவு அகலத்தில் உள்ளே துளையுள்ள குழல் ஒன்று உருவாகிறது. துளை அடைத்துக்கொண்டால் தண்ணீர் வெளிப்புறமாக வழிந்து, குழல் முள்ளங்கி போலப் பருக்கிறது.

"அடைச்சுக்கிட்டா வெளியே வழியுமா?" என்று மனைவி திருப்பிக் கேட்டாள். கேள்வி வழிகாட்டிக்கு, பார்வை எனக்கு.

சரியாக அந்த நேரத்தில் என் வழுக்கையின் நட்டநடுவில் 'டொக்' என்று ஒரு சொட்டு. நகர்வதற்குள் இன்னொன்று, அதே இடத்தில். "அசையாம நில்லுங்க சார், கல்முளை வளரும்" என்றார் வழிகாட்டி. எவ்வளவு வேகத்தில் என்று மகள் கேட்டாள். இடத்துக்கு இடம் மாறுமாம்; தோராயமாக வருஷத்துக்கு 0.1 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளலாமாம். உடனே கணக்குப் போட்டாள். "அப்பா உயரம் 170 சென்டிமீட்டர். அப்படின்னா 17,000 வருஷம்." பக்கத்தில் நின்ற கல்முளையின் மொழுமொழு உச்சியையும் என் தலையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "மேல் பக்கம் மட்டும் இப்பவே ரெடி" என்றாள். முன்பின் தெரியாத நாலு பேர் சிரித்தார்கள்.

சிரிப்பைச் சமாளிக்க ஸ்டைலாக ஒரு கல்விழுதில் கை வைக்கப் போனேன். "தொடாதீங்க!" என்று ஒரு சத்தம். கையிலுள்ள எண்ணெய்ப்பசை ஒட்டிக்கொண்டால் அந்த இடத்தில் புதிதாகச் சுண்ணாம்பு சரியாகப் படியாதாம், நிறமும் கெட்டுவிடுமாம். பத்தாயிரம் வருஷம் பொறுமையாக வளர்ந்ததை நான் ஒரு செல்ஃபிக்காக நிறுத்தியிருப்பேன்.

கடைசியாக எல்லா விளக்குகளையும் அணைத்துக் காட்டினார். கண்ணை மூடினாலும் திறந்தாலும் வித்தியாசமே தெரியாத இருட்டு. அறுபது பேரும் மூச்சடக்கி நின்றோம். எங்கோ சொட்... சொட்... சொட். எனக்குப் புல்லரித்தது. அந்த மகத்தான அமைதியில் மனைவியின் குரல் தெளிவாகக் கேட்டது: "நம்ம வீட்டுக் குழாய் மாதிரியே இல்லை?"

வீடு திரும்பியதும் மூவரும் நேராகக் குளியலறைக்குத்தான் போனோம். குழாயின் வாயில் வெள்ளையாகத் திட்டுத்திட்டாகப் படிந்திருந்தது. இத்தனை நாள் 'உப்பு' என்று திட்டியது அதே சுண்ணாம்புச் சமாச்சாரம்தான். கெட்டிலுக்குள் படிவதும் அதேதான். அங்கே சூடு வாயுவைத் துரத்துகிறது, அவ்வளவே. "தொடாதே, எண்ணெய்ப்பசை பட்டால் வளராது" என்றேன். மனைவி என்னை ஏறிட்டும் பார்க்காமல் வினிகரில் நனைத்த துணியைக் குழாயின் வாயில் சுற்றிக் கட்டினாள். பொசுபொசுவென்று நுரைத்தது. "அமிலம் சுண்ணாம்பைக் கரைக்குது, அம்மா குகை செய்யறாங்க!" என்று மகள் குதித்தாள்.

ஒரு மணி நேரம் கழித்துத் துணியை அவிழ்த்தோம். குழாய் பளபளவென்று இருந்தது. ஆனால் சொட்டு நின்று, ஒரு நூலாக ஒழுக ஆரம்பித்திருந்தது. ஆறு மாதமாகப் பாதிக் கசிவை அடைத்துக்கொண்டிருந்தது அந்தச் சுண்ணாம்புதான் போலிருக்கிறது.

ஸ்பேனர் எங்கே வைத்தோம் என்று தேடிக்கொண்டிருக்கிறேன். கீழே வாளி நிரம்பும் சத்தம் கேட்கிறது.