பாம்பையும் பல்லியையும் டல்லாஸுக்கு அனுப்பியது எப்படி

ஹவாய்க்கு வேலை மாற்றம் உறுதியானதும் நான் முதலில் தேடிப் படித்தது அந்த மாநிலத்தின் விலங்குச் சட்டத்தைத்தான். ஓஹையோவில் எங்கள் வீட்டில் இரண்டு ஊர்வன இருந்தன. ஒன்று பால் பைத்தான் (ball python), மலைப்பாம்பில் சிறிய வகை. இன்னொன்று லெப்பர்ட் கெக்கோ, உடம்பெல்லாம் புள்ளியும் தடித்த வாலுமாக இருக்கும் பல்லி. இரண்டையும் ஹவாய்க்குக் கொண்டுபோக வழியே இல்லை. வீட்டில் பாம்பு வளர்க்க அங்கே முழுத் தடை. மீறினால் 2 லட்சம் டாலர் வரை அபராதம், 3 ஆண்டு வரை சிறை. கெக்கோவுக்கும் அனுமதி கிடையாது. எனக்கு இந்தச் சட்டம் நியாயமாகவே படுகிறது. இரண்டாம் உலகப் போரை ஒட்டிக் கப்பல் சரக்கோடு குவாம் தீவில் வந்திறங்கிய பழுப்பு மரப்பாம்பு, அந்தத் தீவுக்கே உரிய காட்டுப் பறவைகளில் பெரும்பாலானவற்றை இல்லாமல் ஆக்கிவிட்டது. ஹவாயின் பறவைகளுக்கும் அந்த நிலை வரக் கூடாது.

டல்லாஸில் ஒரு நண்பர் இருக்கிறார், என்னைவிட வயதில் இளையவர், பல வருடமாகப் பாம்பு வளர்ப்பவர். விஷயத்தைச் சொன்னதும், "அண்ணா, ரெண்டையும் நானே வச்சுக்கறேன். பத்திரமா வந்து சேரணும், அதை மட்டும் பாத்துக்கங்க" என்றார். காரில் போனால் பதினாறு மணி நேரம் ஓட்ட வேண்டும், நடுவில் ஒரு இரவு எங்காவது தங்க வேண்டும். ஒழுங்காகக் கட்டி ஓரிரவு விமான சரக்கில் அனுப்பினால் விலங்கு பெட்டிக்குள் இருக்கும் நேரம் ஏறக்குறைய அதே அளவுதான், குலுக்கலும் குறைவு. சரி, அனுப்புவது என்று முடிவு செய்தோம்.

முதல் வேலை சட்டம். அமெரிக்காவில் 1900 முதல் இருக்கும் லேசி சட்டத்தின்படி, ஒரு மாநிலத்தின் விதியை மீறி ஓர் உயிரினத்தை எல்லை தாண்டி அனுப்பினால் அது மத்திய அரசுக் குற்றமாகிவிடும். ஆகவே அனுப்பும் மாநிலம், பெறும் மாநிலம் இரண்டின் விதிகளையும் பார்க்க வேண்டும். பெறும் ஊரில் நகராட்சி விதி தனியாக இருந்தால் அதையும் பார்க்க வேண்டும். டெக்சாஸில் அயல்நாட்டு விஷப்பாம்புகளுக்கும், ரெட்டிகுலேட்டட் பைத்தான், பச்சை அனகோண்டா போன்ற பெரிய வகைகளுக்கும் உரிமம் தேவை. பால் பைத்தான் அந்தப் பட்டியலில் இல்லை. நகர விதியை நண்பரே விசாரித்து உறுதி செய்தார்.

அடுத்தது யார் மூலம் அனுப்புவது என்பது. இங்கேதான் பலர் குழம்புகிறார்கள், ஏனென்றால் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் விதி வேறு. அமெரிக்கத் தபால் துறை பாம்பையும் ஆமையையும் அறவே ஏற்காது. ஆனால் வழியில் தீனியோ தண்ணீரோ கவனிப்போ தேவைப்படாத, தீங்கற்ற சிறு பல்லிகளை ஏற்கும். கெக்கோ, பச்சோந்தி எல்லாம் தபாலில் போகலாம். இருபது அங்குலத்துக்கு மிகாத முதலைக் குட்டி கூடப் போகலாம் என்று அவர்கள் விதிப்புத்தகத்தில் இருக்கிறது! தனியார் கூரியர்களில் யூபிஎஸ் சில பல்லி, ஆமை வகைகளை நிபந்தனைகளோடு ஏற்கும், பாம்பை ஏற்காது. ஃபெடெக்ஸ் பாம்பை எடுத்துச்செல்லும், ஆனால் தனிநபர் நேரே போய் ஒரு பெட்டியைக் கொடுத்துவிட முடியாது. முன் அனுமதி பெற்ற நிறுவனங்கள் வழியாகத்தான் போக வேண்டும். ஷிப் யுவர் ரெப்டைல்ஸ், ரெட்லைன் ஷிப்பிங் போன்றவை அப்படி அனுமதி பெற்று, நம்மைப் போன்றவர்களுக்கு லேபிளை, அதாவது பெட்டியில் ஒட்டி அனுப்பும் கட்டணச் சீட்டை, விற்கின்றன. பெட்டி எப்படி இருக்க வேண்டும், எந்த வெப்பநிலையில் அனுப்பலாம் என்ற அவர்களுடைய விதிகளை ஒப்புக்கொண்ட பிறகுதான் லேபிள் கிடைக்கும்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். விசாரித்தபோது இரண்டு பேர், "உள்ளே என்ன இருக்குன்னு எழுதாம சாதாரணப் பார்சலா போட்டுடுங்க, யாரும் பாக்க மாட்டாங்க" என்று ஆலோசனை சொன்னார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். உள்ளே உயிர் இருக்கிறது என்று தெரியாத பெட்டியை வெயிலில் வைப்பார்கள், கனமான சரக்கின் அடியில் வைப்பார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. பாதி வழியில் கண்டுபிடித்து நிறுத்தினால், நிற்பது பெட்டி மட்டும் இல்லை, அதற்குள் இருக்கும் விலங்கும்தான். லேபிளில் சேமிக்கும் தொகைக்காக எடுக்கக்கூடிய அபாயமா இது?

கெக்கோவைத் தபாலில் அனுப்பலாமா என்று யோசித்தேன். தபாலின் அதிவேகச் சேவை எல்லா ஊர்களுக்கும் மறுநாளே போய்ச்சேர்வதில்லை. அதனால் இரண்டையும் ஃபெடெக்ஸ் ஓரிரவுச் சேவையிலேயே, தனித்தனிப் பெட்டியில் அனுப்ப முடிவு செய்தேன். ஒரே பெட்டியில் தனித்தனிக் கலத்தில் வைத்தும் சிலர் அனுப்புகிறார்கள். கனமான பாம்புப் பை நகர்ந்து கெக்கோவின் டப்பாவை அழுத்திவிடக் கூடாது என்பதுதான் என் கவலை.

விலங்கைத் தயார் செய்வது கட்டுவதற்குப் பல நாள் முன்பே தொடங்குகிறது. வயிற்றில் இரை இருக்கும்போது பாம்பை அனுப்பக் கூடாது. குளிர்ந்தாலோ பயந்தாலோ கக்கிவிடும். கக்குவது பாம்புக்குச் சாதாரண வாந்தி மாதிரி இல்லை, தேற வாரக்கணக்கில் ஆகும். கடைசி எலி கொடுத்து ஒரு வாரத்துக்கு மேல் விட்டு, அது கழிவு போட்ட பிறகுதான் அனுப்பும் நாளைப் பற்றியே யோசித்தேன். கண் மங்கித் தோல் உரிக்கப் போகும் சமயமாக இருந்தால் அதையும் முடியவிட வேண்டும். கெக்கோவுக்கு இரண்டு மூன்று நாள் பட்டினி போதும். வாலில் கொழுப்பைச் சேமித்து வைத்திருக்கும் விலங்கு அது, ஓரிரவு சாப்பிடாததால் ஒன்றும் ஆகாது. தண்ணீரை மட்டும் கடைசி வரை இரண்டுக்கும் எடுக்கவில்லை. பயணத்தில் தண்ணீர்க் கிண்ணம் வைக்கவே கூடாது. கவிழ்ந்து எல்லாம் நனைந்தால் குளிர்தான் மிஞ்சும்.

பெட்டி என்று பார்த்தால் தடித்த அட்டைப்பெட்டி, அதன் ஆறு பக்கமும் உள்ளே முக்கால் அங்குலத் தெர்மாகோல் பலகை. பாம்புக்குப் பருத்தித் துணிப்பை. பையை உள்வெளியாகத் திருப்பித் தையலைப் பார்ப்பது அவசியம். தொங்கும் ஒரு நூல் பாம்பின் உடம்பில் சுற்றி இறுக்கிவிடும். பாம்பை உள்ளே விட்டு, பையின் வாயை முறுக்கி முடிச்சுப் போட்டு, முடிச்சுக்கு மேலே கேபிள் டை போட்டேன். அந்த முடிச்சில் பாம்பின் வால் நுனி கூட மாட்டவில்லை என்று விரலால் தடவிப் பார்த்த பிறகே இறுக்கினேன். அப்புறம் அந்தப் பையை இன்னொரு பைக்குள் வைத்துக் கட்டினேன். மூக்கு நுழையும் இடத்தில் உடம்பு முழுவதையும் நுழைத்துவிடும் விலங்கு அது.

கெக்கோவுக்கு மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா. காற்றுத் துளைகளை உள்ளிருந்து வெளியே குத்த வேண்டும். வெளியிலிருந்து குத்தினால் கூரான பிசிறு உள்ளே நீட்டிக்கொண்டு தோலைக் கீறும். அடியில் லேசாக ஈரமாக்கிப் பிழிந்த கிச்சன் டவல், மேலே உலர்ந்த டவலைக் கசக்கி நிரப்பினேன், அது உருளாமல் இருப்பதற்காக. கெக்கோவைக் கையாளும்போது அவசரமே கூடாது. பயந்தால் வாலைக் கழற்றிப் போட்டுவிடும். மறுபடி வளரும் என்றாலும் அதன் சேமிப்பில் பெரும்பகுதி அந்த வாலில்தான் இருக்கிறது. நானாகப் பிடிக்காமல், டப்பாவை அதன் முன்னால் சாய்த்து வைத்து அதுவாக நடந்து ஏறும்வரை காத்திருந்தேன்.

ஹீட் பேக் பற்றி விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் குளிரைவிட இது கொல்லும் என்பதைப் பலர் நம்புவதில்லை. உள்ளே இருப்பது இரும்புத் தூள். காற்றுப் பட்டதும் துருப்பிடிக்கும், அந்த வினையில் வெப்பம் வரும். ஆகவே அதற்கு ஆக்சிஜன் வேண்டும். முழுக்க மூடிய பெட்டியில் வைத்தால் அது அணைந்துவிடும், அல்லது விலங்குக்குரிய காற்றையும் சேர்த்து எடுக்கும். பெட்டியின் பக்கவாட்டில் பேக்குக்கு அருகே ஒன்றிரண்டு துளை போதும், நிறையப் போட்டால் வெப்பமெல்லாம் வெளியே போய்விடும். பேக்கைச் செய்தித்தாளில் சுற்றி மூடியின் உள்பக்கம் ஒட்ட வேண்டும், பைக்கும் டப்பாவுக்கும் படாமல். வெளி வெப்பநிலை 70 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டும் என்றால் பேக்கே தேவையில்லை. ஊர்வன நம்மைப் போல வியர்த்து உடலைக் குளிர்வித்துக்கொள்ள முடியாதவை, சூட்டிலிருந்து நகர்ந்து போவதுதான் அவற்றுக்குத் தெரிந்த முக்கிய வழி. பெட்டிக்குள் நகர எங்கே இடம்?

இதைக் கணக்குப் போட்டு விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. பாம்பு இல்லாமல், அதே எடைக்கு அரிசியைப் பையில் கட்டி, நாற்பது மணி நேர ஹீட் பேக்கோடு பெட்டியை ஒட்டி, வயர் வைத்த தெர்மாமீட்டர் ஒன்றைப் பைக்குப் பக்கத்தில் செருகி, இரவு முழுக்க கராஜில் வைத்தேன். வெளியே நல்ல குளிர். காலையில் உள்ளே 80 டிகிரியை ஒட்டி நின்றது. அதன் பிறகுதான் எனக்குத் தூக்கம் வந்தது.

பெட்டி எவ்வளவு நன்றாக இருந்தாலும், எந்த நாளில் அனுப்புகிறோம் என்பதில்தான் பாதுகாப்பில் பாதி இருக்கிறது. அனுப்பும் ஊர், பெறும் ஊர் இரண்டின் வானிலையைப் பார்ப்பவர்கள் நடுவில் இருக்கும் ஊரை மறந்துவிடுகிறார்கள். ஃபெடெக்ஸின் இரவுச் சரக்கில் பெரும்பகுதி நள்ளிரவில் டென்னசி மாநிலத்தின் மெம்பிஸில் இறங்கிப் பிரிந்து போகிறது. இண்டியானாபொலிஸிலும் ஒரு பெரிய மையம் உண்டு. நான் நான்கு ஊர்களையும் பார்த்தேன். எல்லா இடத்திலும் 40 முதல் 90 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குள் இருக்க வேண்டும், புயல் மழை இருக்கக் கூடாது. முதலில் குறித்த நாளில் ஓஹையோவும் டெக்சாஸும் அருமையாக இருந்தன, மெம்பிஸில் இரவு இடி மின்னல் என்று முன்னறிவிப்பு. விமானம் இறங்கத் தாமதமானால் இணைப்பு போய்விடும். தள்ளிப்போட்டேன். வீட்டைக் காலி செய்யும் தேதி நெருங்கிக்கொண்டிருந்ததால் அது எளிதான முடிவாக இல்லை, ஆனாலும் வேறு முடிவு எடுத்திருக்க மாட்டேன்.

கிழமையும் முக்கியம். திங்கள் முதல் புதன் வரை அனுப்பினால் ஒரு நாள் தாமதமானாலும் வாரக் கடைசிக்குள் போய்ச்சேரும். வெள்ளிக்கிழமை அனுப்பி ஏதாவது தடங்கல் என்றால் விலங்கு கிடங்கிலேயே இரண்டு நாள் கிடக்கும். விடுமுறைக்கு முந்திய நாளும் வேண்டாம்.

நான் அனுப்பியது ஒரு செவ்வாய்க்கிழமை. கடைசி நேரத்தில், மாலையில்தான் கட்டினேன். பெட்டியின் மேல் 'உயிருள்ள தீங்கற்ற ஊர்வன' என்று ஆங்கிலத்தில் பெரிதாக எழுதி, பொதுப்பெயர், அறிவியல் பெயர், எண்ணிக்கை மூன்றையும் போட்டேன். ஒன்றில் பைத்தான் ரீஜியஸ், இன்னொன்றில் யூப்ளெஃபாரிஸ் மாக்குலாரியஸ். இந்தப் பட்டியல் அலங்காரத்துக்கு இல்லை, சட்டப்படி தேவை. அனுப்புபவர், பெறுபவர் முகவரியும் தொலைபேசி எண்ணும் வெளியே இருந்தன, உள்ளே ஒரு தாளிலும் எழுதி வைத்தேன். தெருவோரப் பெட்டியிலோ கடைகளில் இருக்கும் பார்சல் கவுண்டரிலோ போடக் கூடாது. ஆட்கள் இருக்கும் ஃபெடெக்ஸ் மையத்திலேயே, அன்றைய கடைசி வண்டி கிளம்பும் நேரத்தைக் கேட்டுக்கொண்டு, அதற்குச் சற்று முன்பாகக் கொடுத்தேன். கவுண்டரில் இருந்த பெண்மணி லேபிளைப் படித்துவிட்டுப் பெட்டியை இரு கையாலும் தூக்கித் தனியாக வைத்தார். எழுதி ஒட்டியதன் பலனை அங்கேயே கண்டேன்.

வீட்டுக்கு டெலிவரி கேட்கவில்லை. டல்லாஸில் நண்பரின் வீட்டுக்கு அருகே உள்ள மையத்திலேயே வைத்திருக்கும்படி லேபிள் எடுத்திருந்தேன். டெலிவரி வண்டியின் பின்பக்கம் மதியத்தில் எவ்வளவு சூடாகும் என்பது டெக்சாஸில் இருப்பவர்களுக்குத் தெரியும். மையத்தில் வைத்தால் பெட்டி காலையில் வந்து ஏசி அறையில் இருக்கும், நாம் போய் எடுத்துக்கொள்ளலாம். நண்பர் மையம் திறக்கும்போதே வாசலில் நின்றார். பத்து மணிக்குள் போன்: "அண்ணா, ரெண்டும் நல்லா இருக்கு. பாம்பு நாக்கை நீட்டி நீட்டிப் பாக்குது." பெட்டியின் உள்ளே தொட்டுப் பார்க்கச் சொன்னேன். இளஞ்சூடாக இருந்தது என்றார்.

இரண்டுக்குமான தொட்டிகளை அவர் முந்தின வாரமே தயார் செய்து, தெர்மோஸ்டாட் சரியாக ஓடுகிறதா என்று பார்த்து வைத்திருந்தார். தன் மற்ற பாம்புகள் இருக்கும் அறையில் வைக்காமல் வேறு அறையில், தனியாக. நோயோ உண்ணியோ இருந்தால் பரவாமல் இருக்க இப்படிச் சில மாதங்கள் வைப்பது நல்ல வழக்கம். தண்ணீர் வைத்துவிட்டு விளக்கைக் குறைத்து, ஒரு வாரம் கையில் எடுக்காமல் விட்டார். கெக்கோ சில நாளிலேயே பூச்சி தின்னத் தொடங்கியது. பால் பைத்தான் இடம் மாறினால் வாரக்கணக்கில் சாப்பிடாது என்று இருவருக்கும் தெரியும், அதனால் பதற்றப்படவில்லை. எடை குறையாமல் இருக்கிறதா என்று மட்டும் வாரம் ஒரு முறை நிறுத்துப் பார்த்துச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தார். நான் ஹவாய் வந்து வீடு பிடித்துக் குடியேறிய பிறகு, அது எலியை எடுத்துக்கொண்டது என்று வீடியோ அனுப்பினார்.

தெர்மாகோல் பலகைகள் உடையாமல் இருந்ததால் அவற்றைக் கழுவிக் காயவைத்து எடுத்து வைத்திருக்கிறார். ஹீட் பேக்கை மட்டும் தூக்கிப் போடச் சொன்னேன், ஒரு முறை துருப்பிடித்துவிட்டால் அது மறுபடி சூடாகாது.