மோதலைத் தாண்டாமல் குழு இல்லை

ஒரே மேலாளரின் கீழ் ஏழெட்டுப் பேர் வேலை பார்ப்பதாலேயே அது குழுவாகிவிடாது. அவரவர் வேலையை அவரவர் முடித்துக் கொடுப்பார்கள். ஒருவர் பின்தங்கினால் மற்றவர்களுக்கு அது வெறும் செய்தி. அவருடைய தாமதம் என்னுடைய கவலையாகவும் மாறும்போதுதான் குழு பிறக்கிறது. மென்பொருள் துறையில் பல அணிகளோடு வேலை பார்த்ததில் எனக்கு உறுதிப்பட்டது இது.

புரூஸ் டக்மன் என்ற அமெரிக்க உளவியலாளர், சிறு குழுக்கள் பற்றி வந்திருந்த ஆய்வுகளைத் தொகுத்துப் படித்து, 1965இல் நான்கு கட்டங்களைச் சொன்னார்: கூடுவது, மோதுவது, இசைவது, செயல்படுவது. 1977இல் மேரி ஆன் ஜென்சனோடு சேர்ந்து, கலைவதையும் சேர்த்துக்கொண்டார். அவர் படித்தவற்றில் பெரும்பகுதி சிகிச்சைக் குழுக்களும் பயிற்சிக் குழுக்களும்தான். அலுவலகக் குழுக்கள் குறைவு. ஆனாலும் அந்த இரண்டாவது கட்டத்தை நான் எல்லா அணியிலும் பார்த்திருக்கிறேன்.

ஓர் அணியில் மென்பொருளைச் சோதிக்கும் டெஸ்டர், "இதை ரிலீஸ் பண்ணக் கூடாது" என்று மீட்டிங்கிலேயே சொன்னார். "கடைசி நாள்ல வந்து சொன்னா எப்படிங்க?" என்று நிரல் எழுதும் டெவலப்பர் கொதித்தார். "தனியா பேசிக்கலாம்" என்று மேலாளர் முடித்துவைத்தார். அதன்பிறகு மீட்டிங்குகள் அமைதியாக நடந்தன. டெஸ்டர் வாயே திறக்கவில்லை. பிழைகளை வாடிக்கையாளர்கள்தான் கண்டுபிடித்தார்கள்.

இன்னோர் அணியில் கிட்டத்தட்ட இதே சண்டை வந்தது. அந்த அணியை வழிநடத்திய லீட் தடுக்கவில்லை. பேச்சு ஆளைப் பற்றித் திரும்பியபோது மட்டும் வேலைக்கு இழுத்து வந்தார். சாயங்காலத்துக்குள் ஒரு விஷயம் வெளிப்பட்டது. 'வேலை முடிந்தது' என்று டெவலப்பர் சொன்னால் நிரல் எழுதியாயிற்று என்று அர்த்தம். டெஸ்டர் சொன்னால் சோதித்தும் ஆயிற்று என்று அர்த்தம். இத்தனை மாதமும் இருவரும் வேறு வேறு முடிவுகளை நோக்கி ஓடியிருக்கிறார்கள். அன்றிலிருந்து, சோதிக்காத எதையும் அந்த அணியில் யாரும் முடிந்ததாகச் சொன்னதில்லை. இந்த விதியை எந்த மேலாளரும் மேலிருந்து கொடுத்திருக்க முடியாது.

ஏமி எட்மண்ட்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர், மருத்துவமனைகளில் மருந்து கொடுப்பதில் நேரும் தவறுகளை ஆராய்ந்தபோது, நல்ல குழுக்களில்தான் அதிகத் தவறுகள் பதிவாகியிருந்தன. அங்கே இருந்தவர்களுக்குத் தவறை வெளியே சொல்லப் பயமில்லை என்பதே அவர் கண்ட விளக்கம். அந்த முதல் அணியில் இல்லாமல் போனது இந்தத் துணிச்சல்தான் என்று நினைக்கிறேன்.

ஒரு முறை இசைந்துவிட்டால் போதும் என்பதும் இல்லை. ஒருவர் விலகி இன்னொருவர் வந்தாலே பழைய உடன்பாடுகள் ஆட்டம் காணும். புதியவருக்கு விதி தெரியும், அது பிறந்த சண்டை தெரியாது. இப்போது நான் இருக்கும் அணியில், புதியவரை முதல் வாரமே மூத்தவர்கள் எழுதிய நிரலை ரிவ்யூ செய்யச் சொல்கிறோம். அண்மையில் சேர்ந்த ஒருவர், "இந்தச் சோதனையை ஏன் கையால் செய்கிறோம்?" என்று கேட்டார். எங்களில் யாரிடமும் சரியான பதில் இல்லை. மூத்தவர் ஒருவர் கடைசிவரை விட்டுக்கொடுக்காமல் வாதாடினார். பிறகு அதைத் தானியங்கியாக மாற்றும் வேலையை அவரே எடுத்துக்கொண்டார், அந்தப் புதியவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு.