கத்திரி வெயிலில் ஒரு லாட்ஜ் அறை: எரோட்டிக் த்ரில்லர் வேலைக் குறிப்புகள்

மே 4, 2025, ஞாயிறு

கத்திரி தொடங்கிவிட்டது. ஆசையும் குற்றமும் கலந்த எரோட்டிக் த்ரில்லருக்கு வேலூர் வெயிலைவிடப் பொருத்தமான பின்னணி கிடைக்காது. ஹாலிவுட் இயக்குநர் லாரன்ஸ் காஸ்டன் இயக்கிய முதல் படமான ‘பாடி ஹீட்’ (1981) ஃப்ளோரிடாவின் கொளுத்தும் கோடையில் நடக்கும் கதை. ஆனால் படப்பிடிப்பு நடந்தபோது அங்கே குளிர். பேசும்போது வாயிலிருந்து ஆவி தெரியக் கூடாதென்று நடிகர்கள் டேக்குக்கு முன் ஐஸ் துண்டை வாயில் அடக்கிக்கொண்டார்கள். வேர்வைக்குத் தண்ணீர் தெளித்தார்கள். அவ்வளவு பாடுபட்டதற்குக் காரணம் உண்டு. அந்தக் கதையில் தூக்கம் கெட்டு, புத்தி கெட்டு, கொலைவரை போகிறவர்களை நகர்த்துவதே புழுக்கம்தான்.

வேலூரில் வேர்வைக்குப் பஞ்சமில்லை. சிக்கலே அதுதான். காலை பத்து மணிக்கு நெற்றியில் மட்டும் துளிர்க்கும். மூன்று மணிக்குச் சட்டை முதுகோடு ஒட்டிவிடும். எடிட்டிங்கில் இரண்டையும் சேர்த்தால் ஒரே உரையாடல் இரண்டு நாள் நடந்தது போல இருக்கும். அதனால் உண்மையான வேர்வையைத் துடைத்துவிட்டு, கிளிசரினும் தண்ணீரும் சரிபாதி கலந்து, ஒரு கை தூரத்திலிருந்து ஸ்ப்ரே செய்வதே வழி. வெறும் தண்ணீர் விளக்குச் சூட்டில் நிமிடங்களில் காய்ந்துவிடும். கிளிசரின் துளி அப்படியே நிற்கும். கழுத்து, மேலுதடு, காறை எலும்பு போதும். கண்ணில் படக் கூடாது. ஆரணிப் பட்டில் பட்டால் கறை படியும், துண்டு போர்த்தித்தான் அடிக்க வேண்டும். சட்டை, ரவிக்கை எல்லாம் ஒரே மாதிரி மூன்று வேண்டும்.

மே 6, செவ்வாய்

அறை. பாபு ராவ் தெரு, காந்தி ரோடு பக்கத்து லாட்ஜுகள் பார்க்க அப்படியே கதைக்குள் இருந்து வந்தவை போலிருக்கும்: ஊர் பேர் தெரியாத ஆட்கள், பல மொழிகள், நடு இரவில் வரும் ஆட்டோ. ஆனால் அங்கே தங்கியிருப்பவர்கள் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வைத்தியத்துக்காக வங்காளத்திலிருந்தும் அசாமிலிருந்தும் வந்தவர்கள். ஆபரேஷன் முடிந்து படுத்திருக்கிறவரின் பக்கத்து அறையில் ஜெனரேட்டர் கேபிள் இழுப்பது நியாயமில்லை. காட்பாடி பக்கம் பழுதுபார்ப்புக்காக மூடிய லாட்ஜ் கிடைத்தால் நல்லது. இல்லாவிட்டால் செட்.

செட்டுக்குக் கணக்கு எளிது. 12-க்கு 10 அடி அறை, மூன்று சுவர்: 32 அடி. எட்டடிக்கு நாலடி பிளைவுட்டை நிறுத்தி வைத்தால் எட்டுப் பலகை. நாலாவது பக்கம் திறந்திருப்பதால் கேமரா எட்டுப் பத்தடி பின்வாங்கி 35 எம்.எம். லென்ஸில் எடுக்கலாம். உண்மையான அறையில் சுவரோடு ஒட்டி அகலமாகக் காட்டும் 18 எம்.எம். லென்ஸ் போட்டால் பக்கத்தில் வரும் முகம் உப்பித் தெரியும். ஆசை தோன்ற வேண்டிய இடத்தில் அது ஆகவே ஆகாது. எட்டடிச் சுவருக்கு மேல் கூரை இல்லை என்பதால் தாழ்ந்த கோணம் மட்டும் எடுக்க முடியாது.

பச்சை பெயிண்ட் அடித்த சுவர் தோலில் பச்சை அடிக்கும். கேமராவில் படாத பக்கம் கறுப்புத் துணி தொங்கவிட்டால் பாதி சரியாகும். மலிவான எல்.இ.டி. பல்பு மினுக்கும், தோல் நிறத்தையும் சாகடிக்கும். மினுக்கம் விழாமலிருக்க, விநாடிக்கு 25 ஃப்ரேமில் 1/50 விநாடி ஷட்டர். 24 ஃப்ரேம் என்றால் ஷட்டர் கோணம் 172.8 டிகிரி, அதுவும் 1/50 விநாடிதான். நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதனால் இந்தக் கணக்கு.

மே 10, சனி

படுக்கைக் காட்சி. படத்தின் உயிரும் மானமும் இங்கேதான்.

முதலில் எழுத்து. எது தெரியும், எது தெரியாது, யார் கை எங்கே படும் என்பது ஒப்பந்தத்தில் வரிவரியாக இருக்க வேண்டும். அன்று காலையில் மனம் மாறினாலும் மறுக்கலாம் என்பதும் அதிலேயே இருக்க வேண்டும். அறைக்குள் இயக்குநர், கேமராமேன், ஃபோகஸ் பார்ப்பவர், நெருக்கமான காட்சிகளில் நடிகர்களின் சம்மதத்தையும் அசைவையும் கவனிக்கும் இன்டிமசி கோஆர்டினேட்டர், காஸ்ட்யூம் பார்க்கும் ஒரு பெண், இவர்கள் மட்டும். மைக்கை ஸ்டாண்டில் மாட்டிவிட்டால் பூம் (நீளக் கம்பி மைக்) பிடிப்பவர் வெளியே போகலாம். மானிட்டர் ஒன்றே ஒன்று, கறுப்புத் துணிக்குள். எல்லார் போனும் வாசலில் ஒரு பைக்குள். மெமரி கார்டு யார் கையில், எத்தனை காப்பி, வேண்டாத டேக் எப்போது அழியும் என்பதும் எழுத்தில்.

தோல் நிற உள்ளாடை, இடையில் மெல்லிய தடுப்புப் பேட், டபுள் சைடு டேப். வேலூர் மே மாதத்தில் டேப் நிற்காது. சர்ஜிக்கல் ஸ்பிரிட்டால் துடைத்து, காய்ந்த பிறகே ஒட்ட வேண்டும். முந்தின நாளே முழங்கை உட்புறத்தில் ஒரு துண்டு ஒட்டித் தோல் தாங்குகிறதா என்று பார்க்க வேண்டும். எடுக்கும்போது தேங்காய் எண்ணெய். பிய்த்தால் தோல் சிவந்து அன்றைய க்ளோஸ்-அப் போய்விடும்.

அசைவை நடனம் போல எண்ணிக்கையில் பிரித்து, முழு உடையோடு ஒத்திகை பார்க்க வேண்டும். ‘கட்’ என்று யார் சொன்னாலும் நிற்க வேண்டும். இயக்குநர் “இன்னும் கொஞ்சம் ஃபீல்” என்று கேட்பதில்தான் பெரும்பாலும் கெடுகிறது. கை எந்த எண்ணில் நகர வேண்டும் என்று சொன்னால் போதும்.

அடுத்தது கதை. இந்தக் காட்சி முடியும்போது பாத்திரங்களில் ஒருவருக்குத் தெரியாத ஒன்று பார்ப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். உதாரணத்துக்கு, அவள் கை தலையணைக்கு அடியில் சாவிக் கொத்தைத் தள்ளுகிறது. மூன்று விநாடி இன்சர்ட், அதாவது அந்தக் கையை மட்டும் காட்டும் தனி ஷாட். நேரமாச்சு என்று எப்போதும் விட்டுப்போவது இதுதான். ஒரு வாரம் கழித்து எடுத்தால் விரலில் மருதாணி வெளுத்திருக்கும். அந்த ஒரு ஷாட்டில் கண்ணும் கதையும் இடறும். அதே விளக்கில், அன்றே எடுத்துவிட வேண்டும்.

மே 14, புதன்

ஃபேன். ஓடினால் வசனம் கெடும், நின்றால் திரைச்சீலை செத்துப்போகும். வசனமில்லாத வைடு ஷாட்டில் மட்டும் ஓடட்டும்; க்ளோஸ்-அப்பில் நூல் கட்டித் திரைச்சீலையை ஒருவர் இழுக்கலாம். ஒவ்வொரு அறையிலும் ஒரு நிமிடம் ரூம் டோன், அதாவது யாரும் பேசாத அறையின் சத்தம், பதிவு செய்வது கட்டாயம். மூச்சுச் சத்தத்தை டப்பிங்கில் கூட்டிவைத்தால் மலிவாகிவிடும். பட்டுச் சேலை உரசும் ஒலியே மேல்.

மே 25, ஞாயிறு

சென்சார். ‘ஏ’ வாங்குவது அவமானமில்லை, ஆனால் வியாபாரத்தைப் பாதிக்கும். 2023 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, ‘ஏ’ படம் டிவிக்குப் போக வெட்டி, வேறு சான்றிதழ் வாங்க வேண்டும். ஆகவே சாவிக் கொத்து ஷாட் தோல் தெரியாத ஃப்ரேமில் இருக்கட்டும். வெட்டினாலும் துப்பு மிஞ்சும். சென்சார் முடிவை எதிர்த்துப் போக இருந்த மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2021-இல் ஒழிந்தது, இப்போது நேரே உயர் நீதிமன்றம்தான்.

சிகரெட்டை விட்டுவிடலாம். ஒரு இழுப்புக்காகத் தொடக்கத்திலும் இடைவேளையிலும் புகையிலை எச்சரிக்கைப் படம், காட்சி முழுக்கக் கீழே எழுத்து. நிழலும் மௌனமுமாகக் கட்டியதை அந்த வரி உடைத்துவிடும்.

மறைகேமரா கதை என்றால், ஒளிந்து பார்க்கும் குற்றத்துக்குப் போலீஸ் பாத்திரம் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் ‘354 சி’ என்று சொல்லக் கூடாது. 2024 ஜூலையிலிருந்து அது பி.என்.எஸ். (பாரதிய நியாய சன்ஹிதா) 77.

ஜூன் 1, ஞாயிறு

விமர்சனம். ‘பாடி ஹீட்’ வந்தபோது அமெரிக்க விமர்சகர்களில் ரோஜர் ஈபர்ட் கொண்டாடினார், பாலின் கேல் நிராகரித்தார். இருவரும் படத்தைப் பற்றித்தான் சண்டை போட்டார்கள். சிறு பட்ஜெட் படங்களுக்கு அந்த மரியாதை அரிது. நாக்பூரில் பிறந்து ஐ.ஐ.டி. மும்பையில் படித்த ஜக் முந்த்ரா 1990-இல் அமெரிக்காவில் ‘நைட் ஐஸ்’ எடுத்தார். மனைவியைக் கண்காணிக்கக் கணவன் அமர்த்திய காவலாளியே அவளிடம் சிக்குகிறான். பார்க்கிறவன் சிக்குவது என்ற ஒற்றைக் கருவில் ஒரு வீடும் சில மானிட்டர்களும் போதுமாயின. வீடியோக் கடைகளில் ஓடி, மூன்று தொடர்ச்சிகள் வந்தன.

நம் ஊரில் இந்த வகையைக் கெடுத்தது காலைக் காட்சிப் பழக்கம். சென்சார் ஆன பிரிண்டில் பிட்டு (சென்சாருக்குக் காட்டாத ஆபாசத் துண்டு) ஒட்டி ஓட்டியதால் படம் எது, பிட்டு எது என்றே தெரியாமல் போனது. விமர்சகர்களும் எட்டிப் பார்க்கவில்லை. இன்றைக்கும் “குடும்பத்தோடு பார்க்க முடியாது” என்ற வரியோடு விமர்சனம் முடிகிறது. அதைத்தான் ‘ஏ’ என்ற எழுத்தே சொல்லிவிட்டதே. சாவிக் கொத்து எந்த நிமிடத்தில் தெரிந்தது, அது போதுமான அளவு முன்னதாக இருந்ததா, அந்தப் பெண்ணுக்குச் சொந்தமாக ஒரு நோக்கம் இருந்ததா, படுக்கைக் காட்சியைத் தூக்கிவிட்டால் முடிவு புரியுமா என்று எழுதினால் எடுத்தவர்களுக்கும் பயன், டிக்கெட் வாங்குகிறவருக்கும் பயன்.