இ.இ.ஜி. வைத்து செயற்கைக் கையை இயக்குபவர்கள் கவனத்துக்கு

தலைத்தோலில் ஒட்டிய மின்முனைகள் வழியே மூளையின் மின்னலைகளைப் பதிவதுதான் இ.இ.ஜி. அதை வைத்து இயக்கிய செயற்கைக் கையின் விரல்கள் கடைசியில் மடங்கிவிட்டன. ஆனால் அதுவரை படுத்திய பாட்டை எழுதி வைத்தால் அடுத்து வருபவருக்கு உதவும்.

மூளை அலையைப் பதியும் ஓப்பன்பிசிஐ சைட்டன் மின்சுற்றுப் பலகை (8 சேனல், நொடிக்கு 250 மாதிரிகள்), மென்பொருள் நிறுவல் இரண்டிலும் தொல்லை இல்லை. தலையில் ஒட்டும் எலக்ட்ரோடுதான் (மின்முனை) பழிவாங்கியது. வெள்ளி குளோரைடு என்று சொல்லி விற்ற கிண்ணங்களில் சில வேறு உலோகம். கலந்து மாட்டினால் அலைக்கோடு ஓரிடத்தில் நிற்காது. வாங்கியதும் இரண்டிரண்டாக உப்புத் தண்ணீரில் போட்டு மல்டிமீட்டரில் பாருங்கள். சில மில்லிவோல்ட்டைத் தாண்டி ஏறி இறங்கினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

தலையில் எண்ணெய் இருந்தால் எந்த பேஸ்ட்டும் பிடிக்காது. ஷாம்பு போட்டு அலசி, நன்றாக உலர்த்தி, மின்தடை 10 கிலோஓமுக்குக் கீழே வந்த பிறகே பதிவைத் தொடங்குங்கள். கை அசைவுக்கான மூளைப் பகுதிக்கு மேலே வரும் சி3 (இடப்பக்கம்), சி4 (வலப்பக்கம்) புள்ளிகளைக் கண்மதிப்பில் வைக்க வேண்டாம். உச்சியிலிருந்து இருபுறமும், காதுக்குக் காது அளந்த நீளத்தில் 20 சதவீதம் தள்ளி வர வேண்டும்.

விரல்களை இழுக்கும் சர்வோ மோட்டாருக்கு லேப்டாப் யுஎஸ்பியிலிருந்து மின்சாரம் கொடுக்கவே கூடாது. எம்ஜி996ஆர் மோட்டார் இறுகி நின்றால் 2 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். மோட்டாருக்குக் கட்டளை தரும் ஆர்டுயினோ பலகை அணைந்து அணைந்து எரியும். தனி 6 வோல்ட் சப்ளை கொடுத்து, கிரவுண்டை மட்டும் ஆர்டுயினோவோடு இணையுங்கள். தலையோடு இணைந்த பலகை எப்போதும் பேட்டரியில்தான் ஓட வேண்டும். இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

எல்லாவற்றையும்விட ஏமாற்றியது, அலையைப் பார்த்து எண்ணத்தைக் கணிக்க மென்பொருளுக்குக் கொடுத்த பயிற்சியில் வந்த அருமையான மதிப்பெண். கை மடக்குவதாக நினைக்கும்போது பலரும் அறியாமலே பல்லைக் கடிக்கிறார்கள். மென்பொருள் அந்தத் தாடைத் தசையைத்தான் கற்றுக்கொள்ளும். வலது கையை நினைத்தால் சி3-இல் 8 முதல் 12 ஹெர்ட்ஸ் அலை தணிய வேண்டும். 30 ஹெர்ட்ஸுக்கு மேல் எல்லாச் சேனலிலும் எகிறினால் அது தசை. ஒரு சேனலைக் கண்ணுக்கும் காதுக்கும் இடையே உள்ள நெற்றிப்பொட்டில் காவலுக்கு வையுங்கள், அது துள்ளும் பதிவுகளைத் தூக்கி எறியுங்கள். காலையில் பயிற்சி கொடுத்து, மாலையில் எடுத்த புதுப் பதிவில் சோதித்தால்தான் உண்மையான மதிப்பெண் தெரியும். கை மடங்குவதைப் படமாகப் பார்ப்பதைவிட, பந்தைப் பிசையும் அழுத்தத்தை உணர முயல்வது நல்ல பலன் தருகிறது.

2012-இல் வெளியான பிரெயின்கேட் என்ற அமெரிக்க மூளை-கணினி இணைப்பு ஆய்வில், கை கால் செயலிழந்த ஒரு பெண் எண்ணத்தால் ரோபோ கையை இயக்கிக் காபி குடித்தார். அங்கே 96 மின்முனைகள் மூளைக்குள்ளேயே பதிக்கப்பட்டிருந்தன. மண்டைக்கு வெளியிலிருந்து திற, மூடு என்ற இரண்டு கட்டளைகளை எதிர்பார்க்கலாம். தொடர்ந்து மூன்று முறை ஒரே விடை வந்தால் மட்டும் மோட்டாரை நகர்த்துங்கள். ஓரிரு நொடி தாமதமாகும், ஆனால் கையில் பிடித்த டம்ளர் தானாக விழாது. முழங்கைக்குக் கீழே தசை நன்றாக இருப்பவருக்கு இத்தனையும் தேவையில்லை. தசை மின்சாரத்தில் இயங்கும் கையே வேகமாகவும் நம்பகமாகவும் வேலை செய்யும்.