இரண்டாவது ஆளும் வராத நாள்

ஐந்து பெண்கள் குழுவாகச் சேர்ந்து ஆளுக்கொரு கடன் வாங்குவதும், ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் கூட்டுப் பொறுப்பாகக் கட்டுவதும்தான் குழுக் கடன். அது எங்கே உடைகிறது என்று கேட்டால், முதல் ஆள் தவணை தவறும் இடத்தைத்தான் பலரும் காட்டுவார்கள். நெல்லைச் சீமையில் வசூலுக்குப் போனவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். ஒருத்தி வராவிட்டால் குழு தாங்கிக்கொள்ளும். இரண்டாவது ஆளும் வராத நாளில்தான் எல்லாம் கலையும்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆளுக்கு 40,000 ரூபாய் கடன், 24 மாதம், குறைந்துவரும் நிலுவைக்கு ஆண்டு வட்டி 24 சதவீதம் என்றால் மாத டியூ, அதாவது தவணை, சுமார் 2,115 ரூபாய். ஐந்து பேரில் ஒருத்தி வரவில்லை என்றால் மற்ற நாலு பேரும் ஆளுக்கு 529 ரூபாய் கூடுதலாகப் போட வேண்டும். முணுமுணுத்துக்கொண்டே போட்டுவிடுவார்கள். ரெண்டு பேர் வராவிட்டால் மிச்சம் மூணு பேருக்கும் ஆளுக்கு 1,410. சொந்த டியூவோடு சேர்த்து 3,525. அப்போது மூணாவது ஆளும் பணத்தை முந்தானையில் முடிந்துகொண்டு எழுந்துவிடுவாள். அவளைக் குறை சொல்ல முடியாது. "மொத்தமாத் தந்தாத்தான் வாங்குவேன்" என்று கடன் நிறுவன ஊழியர் அடம்பிடிப்பதுதான் பெரிய தப்பு. அவள் நீட்டுகிற 2,115-ஐ வாங்கி, அவளுடைய கடன் அட்டையில் வரவு வைத்து அனுப்ப வேண்டும். வாங்க மறுத்த பணம் அடுத்த மாதம் திரும்பி வருவதில்லை.

வங்கிக்குத் தெரியாதது பக்கத்து வீட்டுக்காரிக்குத் தெரியும் என்பதே குழுக் கடனின் அடிப்படை. 1976-இல் வங்கதேசத்தின் ஜோப்ரா கிராமத்தில் முகம்மது யூனுஸ் தொடங்கியதும் அந்த நம்பிக்கைதான். 1990-இல் பொருளியல் அறிஞர் ஜோசப் ஸ்டிக்லிட்ஸ் பொருளாதாரக் கோட்பாடாக எழுதியதும் அதையே. தெரியும் என்பது சரி. சொல்வாளா? இங்கே ஒரு தெருவில் பாதி வீடு சொந்தம். "மைனி, இந்த மாசம் எனக்கும் சேத்துப் போட்டுருங்க, சனிக்கிழமை சம்பளம் வந்ததும் தாரேன்" என்பது வசூல் கூட்டத்துக்கு முந்தின ராத்திரியே முடிந்துபோகும். பதிவேட்டில் எல்லாருக்கும் வரவு இருக்கும். மைனியின் கையும் காய்ந்த பிறகுதான் அலுவலகத்துக்கே விஷயம் தெரியவரும். ஒரே வீட்டார் இருவர் ஒரு குழுவில் கூடாது என்ற விதி காகிதத்தில் இருக்கிறது. ரேசன் கார்டு தனியாக இருந்தால் அடுப்பும் தனி என்று எடுத்துக்கொள்வதில் அது ஓட்டையாகிவிடுகிறது.

ஆகவே உண்மையான வேலை வசூலில் இல்லை, ஆள் சேர்ப்பதில் இருக்கிறது. முக்கூடல், ஆலங்குளம், கடையம் பக்கம் ஐந்து பேரும் சொளகு மடியில் வைத்துப் பீடி சுற்றுகிறவர்களாக இருந்தால், பீடிக்கடையில் இலையும் தூளும் குறைத்துக் கொடுக்கிற வாரம் ஐந்து பேருக்கும் ஒன்றாகச் சம்பளம் குறையும். யார் யாருக்குக் கொடுப்பது? பீடிக்காரி இரண்டு பேர், பால்மாடு வைத்திருப்பவர் ஒருவர், தையல் ஒருவர், இட்லிக்கடை ஒருவர் என்று கலந்தால் கொஞ்சம் நிற்கும். ஊர்க் கோயில் கொடை வரும் மாதத்தையும், பள்ளிக்கூடம் திறக்கும் ஜூனையும் கடன் கொடுக்கும்போதே கணக்கில் கொள்ள வேண்டும். 2023 டிசம்பர் 17, 18 மழை வெள்ளம் மாதிரி ஒன்று வந்தால் எப்படிக் கலந்தாலும் நிற்காது. அப்போது கூட்டுப் பொறுப்பு பற்றிப் பேசுவது வெட்டிப் பேச்சு. தவணையைத் தள்ளிப்போடுவதுதான் வழி.

ஆள் வைத்து எடுக்கிற கடன் இன்னொரு தொல்லை. ஐந்து பேர் கையெழுத்து, பணம் முழுக்க ஒருத்தி கையில். கண்டுபிடிப்பது அவ்வளவு கஷ்டமில்லை. ஐந்து அட்டையையும் ஒரே ஆள் பையிலிருந்து எடுப்பார். டியூ எவ்வளவு, எத்தனை கட்டியாச்சு என்று கேட்டால் மற்றவர்கள் குழுத் தலைவி முகத்தைப் பார்ப்பார்கள். தலைவியை வெளியே அனுப்பிவிட்டு ஒவ்வொருவரிடமும் தனியாகக் கேட்டால் பத்து நிமிட வேலை. வசூல் முடிகிற அவசரத்தில் அந்தப் பத்து நிமிடத்தைத்தான் யாரும் கொடுப்பதில்லை.

ரிசர்வ் வங்கியின் 2022 விதிப்படி, எல்லாக் கடனுக்குமான மாதத் தவணை குடும்ப மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது; காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் வசூல் கூடாது; பேசி முடிவு செய்த பொது இடத்துக்கு அடுத்தடுத்து இரண்டு முறை வராதவரின் வீட்டுக்குத்தான் போகலாம். நடப்பில், ஊழியர் போகக் கூடாத நேரத்துக்குக் குழுப் பெண்களே போய்த் தவணை தவறியவள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துவிடுகிறார்கள். விதி மீறவில்லை என்று அறிக்கை எழுதலாம். அந்த அவமானத்துக்குப் பயந்து அவள் கந்துவட்டிக்கு வாங்கிக் கட்டுவாள், வசூல் நூறு சதவீதம் என்று பதிவாகும். 2017 அக்டோபரில் நெல்லை ஆட்சியர் அலுவலகத்திலேயே கந்துவட்டியால் ஒரு குடும்பம் தீக்குளித்த மாவட்டம் இது. நூறு சதவீத வசூலைப் பார்த்தால் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

பிலிப்பைன்சில் ஒரு வங்கி, கூட்டத்தை அப்படியே வைத்துக்கொண்டு கூட்டுப் பொறுப்பை மட்டும் எடுத்துப் பார்த்தது, நிலுவை கூடவில்லை. இங்கும் அது பொருந்தும் என்றே தோன்றுகிறது. எடுக்க மனமில்லாத நிறுவனங்கள் ஒன்றையாவது செய்யலாம்: மற்றவளுக்காகப் போட்டவளுக்கு ஒரு சீட்டு. தேதி, தொகை, யாருக்காக, வாங்கிக்கொண்டவள் கையெழுத்து. இப்போது 529 ரூபாயும் தவறியவளின் அட்டையில்தான் வரவாகிறது. போட்டவளிடம் வாய்ச்சொல் மட்டும். ஆறு மாதம் கழித்து வரும் சண்டைகள் அந்த வாய்ச்சொல்லில்தான் தொடங்குகின்றன.