துலா (ஐப்பசி) மழை வாரம்: நாஞ்சில் வயலுக்கு வானிலை அறிக்கையை எப்படி வாசிப்பது

"கன்னியாகுமரி மாவட்டத்தில் ஓரிரு இடங்களில் கனமழைக்கு வாய்ப்பு." ஐப்பசி பிறந்துவிட்டால் இந்த வரி வராத நாள் குறைவு. இதைக் கேட்டதும் அறுப்பு வண்டியைத் திருப்பி அனுப்பிவிட்டு, அன்று முழுக்க வெயில் காய்வதைப் பார்த்து வயிறெரிகிறவர்கள் உண்டு. "நேற்றும் இப்படித்தான் சொன்னான், ஒன்றும் பெய்யவில்லை" என்று யூரியாவை வீசி, அன்று ராத்திரியே மழையில் அதைப் பாசனச் சானலுக்குத் தாரை வார்க்கிறவர்களும் உண்டு. இரண்டு பேரும் ஒரே அறிக்கையைத்தான் பார்த்திருப்பார்கள்.

முதலில் இடச் சொற்கள். "ஓரிரு இடங்களில்" என்றால் மாவட்டத்தின் மழைமானி நிலையங்களில் கால் பங்கு வரைக்கும்தான் மழை. "ஒருசில இடங்களில்" என்றால் பாதி வரை. "அநேக இடங்கள்" முக்கால், "பெரும்பாலான இடங்கள்" அதற்கும் மேல். நம் மாவட்டத்தின் தினசரி மழைப் பட்டியலில் பாலமோர், பேச்சிப்பாறை, சிற்றாறு என்று மலையோர நிலையங்களும் இருக்கின்றன. மயிலாடி, கொட்டாரம், நாகர்கோவில் என்று சமவெளி நிலையங்களும் இருக்கின்றன. ஐப்பசி முற்பாதியில் அந்தக் கால் பங்கு பெரும்பாலும் மலையோரமாகவே இருக்கும். அடித்த வெயிலில் மலைமேல் திரளும் இடிமேகம் அடிவாரத்தில் கொட்டிவிட்டு, அகஸ்தீஸ்வரம் பக்கம் வரும்போது வலுவிழந்து போவது வழக்கம்.

அடுத்தது அளவு. கனமழை என்பது 24 மணி நேரத்தில் 64.5 மி.மீ. முதல் 115.5 வரை. மிகக் கனமழை 204.4 வரை, அதற்கு மேல் அதிகனமழை. ஒரு ஏக்கரில் 10 செ.மீ. மழை விழுந்தால் அது ஏறத்தாழ 4 லட்சம் லிட்டர். நட்டு ஒரு வாரமான கும்பப்பூ (இரண்டாம் போகம்) வயலில் இரண்டு, இரண்டரை செ.மீ. தண்ணீர் நின்றால் போதும். மீதி எந்த வழியாக வெளியே போகும் என்பதை மழைக்கு முன்பே பார்த்து வைக்கணும். வரப்பின் தாழ்ந்த பக்கம் அந்த மட்டத்தில் ஒரு வாய் வெட்டி, மண் அரிக்காமல் இருக்க ஓலைமட்டையோ சாக்கோ போட்டு வைத்தால் வரப்பு உடையாது.

நாள் கணக்கும் பலரைக் குழப்புகிறது. வானிலைக்காரருடைய நாள் காலை 8.30க்குத் தொடங்கி மறுநாள் 8.30க்கு முடியும். செவ்வாய் ராத்திரி 11 மணிக்குப் பெய்தது புதன் தேதியில்தான் பதிவாகும். சொன்னபடி பெய்யவில்லை என்ற குறையில் நிறைய இந்தக் கணக்குப் பிசகுதான்.

ஏழு நாள் அறிக்கையில் முதல் இரண்டு நாளை வேலைக்கு எடுத்துக்கொள்ளலாம். மூன்றாவது, நான்காவது நாளை வைத்து ஆள் சொல்லி வைக்கலாம். முன்பணம் கொடுக்க வேண்டாம். ஐந்தும் ஆறும் ஏழும் மழை கூடுமா குறையுமா என்ற போக்குக்கு மட்டும்தான்.

"ஐப்பசி அடைமழை" என்பார்கள். நாஞ்சில் நாட்டில் ஐப்பசியின் முதல் வாரம் அநேகமாக அப்படி இருப்பதில்லை. வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் தொடங்கும் இயல்பான தேதியே அக்டோபர் 20. அதை ஒட்டிய நாட்களில் காற்று செத்துக் கிடக்கும், ஆரல்வாய்மொழி கணவாய்க் காற்றும் ஓய்ந்துவிடும். காலையில் பளிச்சென்று வெயில், 11 மணிக்குப் புழுக்கம், ஒரு மணிக்குத் தாடகை மலைக்கு மேல் காலிஃபிளவர் போல வெள்ளை மேகம். அதன் அடி கறுத்து, தலை விரிந்து பரவினால் இரண்டு மணி நேரத்துக்குள் இடி. ஆக, வேலைக்குக் கிடைப்பது பனி உலரும் 10 மணியிலிருந்து 2 மணி வரை. கார்த்திகையில் இது மாறும். கிழக்கிலிருந்து கொண்டல் காற்று நிலைத்த பிறகு கடலோரத்தில் பின்னிரவிலும் விடியற்காலையிலும் மழை கூடும். அப்போது பகல் தெளிவை நம்பி நெல்லைக் களத்தில் இரவு விட்டுவைத்தால் நனையும்.

கன்னிப்பூ (முதல் போகம்) அறுப்பு பிந்திய ஏலாக்களுக்கு, அதாவது வயல்பரப்புகளுக்கு, இந்த நாலு மணி நேரம்தான் எல்லாமே. டயர் வண்டி ஈர வயலில் புதையும். பெல்ட் வண்டிதான் சரி. ஏக்கருக்கு ஒரு மணி நேரம் என்று வைத்தாலும், சாய்ந்த நெல்லாக இருந்தால் இன்னும் கூடும். ஒரு நாளுக்கு மூன்று ஏக்கருக்கு மேல் ஒப்புக்கொள்ளாதீர்கள். சாய்ந்து தண்ணீரில் கிடக்கும் கதிர் சில நாளிலேயே முளை விடும். அதனால் எதை முதலில் அறுப்பது என்ற கேள்வி வந்தால் சாய்ந்த வயலைத்தான், நிற்கிற வயலை அல்ல.

அறுத்த நெல்லை ஈரத்தோடு குவித்துத் தார்ப்பாய் போட்டு இறுக்கி மூடுவதுதான் நான் பார்க்கும் பெரிய தவறு. உள்ளே சூடேறி, அரிசி பழுப்படிக்கும். குவியலுக்குள் கையை முழங்கை வரை விட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் மழை விட்ட இடைவேளையில் உடனே பரத்தணும். ஒரு சாண் கனம் கூடாது, 5 செ.மீ. போதும்; அரை மணிக்கு ஒருமுறை காலால் கிளறி விடணும். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பத வரம்பு வழக்கமாக 17 சதவீதம். 22 சதவீதத்தில் இருக்கும் 1,000 கிலோ நெல்லை 17க்குக் காய வைத்தால் நிற்பது 940 கிலோ. அந்த 60 கிலோ தண்ணீர்தான். எடை போச்சே என்று வருந்த வேண்டியதில்லை.

நாற்றங்காலுக்கு வேறு கணக்கு. முளைகட்டிய விதை தெளித்த முதல் மூன்று நாளில் வலுத்த மழை வந்தால் விதையெல்லாம் ஒரு மூலைக்கு ஒதுங்கும். மேகம் கறுத்ததும் இரண்டு விரல்கடை தண்ணீர் கட்டிவிட்டால் துளியின் அடி விதையில் படாது. மழை ஓய்ந்ததும் வடித்துவிடணும், நின்றால் அழுகும்.

யூரியா, அடுத்த இரண்டு நாளைக்கு "அநேக இடங்களில்" என்று வந்தால் வேண்டாம். மருந்து தெளித்தால் குறைந்தது நாலைந்து மணி நேரம் மழை படக் கூடாது, ஆகவே காலையிலேயே.

இடி இருக்கிறதே, அதை லேசாக எடுக்காதீர்கள். மின்னலுக்கும் இடிக்கும் நடுவில் மூன்று விநாடி என்றால் ஒரு கிலோமீட்டர். முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால் மண்வெட்டியைப் போட்டுவிட்டு வயலை விட்டு ஏறணும். ஒற்றைத் தென்னைக்கு அடியில் ஒதுங்கக் கூடாது. தாமினி செயலி பக்கத்தில் மின்னல் விழுவதைக் காட்டும்.

பேச்சிப்பாறை அணையின் நீர்மட்டம் 42 அடியைத் தொட்டால் வரும் வெள்ள எச்சரிக்கை திற்பரப்பு, குழித்துறை ஆற்றங்கரைக்காரர்களுக்கு. நாஞ்சில் தாழ்ந்த வயல்கள் கவனிக்க வேண்டியது பழையாற்றை. அது கடலில் சேரும் மணக்குடிப் பொழிமுகத்தில் மணல் அடைத்திருந்தால் தண்ணீர் வடிய நேரமெடுக்கும்.

மேலே சொன்ன கணக்கெல்லாம் செல்லாமல் போகும் ஒரே வரி, "குமரிக்கடலில் காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி." அது பக்கத்திலேயே உருவாவதால் அவகாசம் கிடைக்காது. 2017 நவம்பர் 29-ல் தாழ்வு மண்டலமாக இருந்தது மறுநாளே ஒக்கி புயலாகி, மாவட்டத்தின் வாழையையும் ரப்பரையும் சாய்த்தது. அந்த வரி வந்த அன்றே குலை தள்ளிய நேந்திரன் வாழைக்கு முட்டுக் கொடுத்து, கயிற்றை இரண்டு பக்கமும் இழுத்துக் கட்டிவிடுங்கள். விளைந்த குலையை வெட்டி இறக்கிவிடுவது இன்னும் நல்லது.